வாய் தைக்காத போர்வை

நாவக்காட்டூர்ல ஒரு போர்வைக்குள்ள கையை விட்டா, உள்ளே இருந்து இன்னொரு கை பிடிச்சுக்கும். நானும் என்ற தங்கச்சி துளசிமணியும் அந்த ஊர்ல பஸ்ஸை விட்டு எறங்கினப்போ அது ஆரம்பிச்சுப் பதினேழு நாளாயிருந்துச்சு, அதனால ஊர்ல ஒருத்தரும் அதுக்கு வாயைப் பொளக்கறதில்லை. வரிசை ஒழுங்கா நிக்குதா, வெயில்ல நிக்கறவங்களுக்குப் பந்தல் போதுமா, வளையலைக் கழட்டாம கையை விட்டுத் துணியைக் கிழிச்சது எவ, இதுதான் அவங்க கவலை. எங்களுக்கு இதெதுவும் தெரியாது. நாங்க துணி பார்க்கத்தான் போனோம்.

துணி பார்க்கன்னு சொல்றதும் ஒரு சாக்குத்தான், உள்ளதைச் சொல்லிப்போடறேன். துளசியோட வீட்டுக்காரர் நல்லசாமி லாரி ஓட்டிட்டிருந்தவர், பதினோரு வருஷத்துக்கு முன்னாடி மஞ்சள் லோடு ஏத்திட்டு நாக்பூர்ப் பக்கம் போனார். ரோட்டோரத்துல லாரி சாவியோட நின்னுச்சு, ஆளைக் காணோம். செத்துட்டார்னு சொல்ல ஒடம்பு கெடைக்கலை, இருக்கார்னு சொல்ல ஒரு போன் வரலை. வேற ஒருத்தியா இருந்தா அழுது முடிச்சிருப்பா, இவ அழவே ஆரம்பிக்கலை. நாங்க ரெண்டு பேரும் வீட்டு முன்ரூம்புல ரெண்டு மெஷினைப் போட்டு வெட்டுத்துணியில ஒட்டுப்போர்வை தைக்கறவங்க, துணி வாங்க ஊர் ஊராப் போகோணும், அதைச் சாக்கா வெச்சு எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல எறங்கினாலும் அவ கண்ணு மொதல்ல லாரிக்காரங்க டீ குடிக்கற பக்கம்தான் போகும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி நிப்பேன். கேட்டா, "துணிப் பேரு கத்துக்க வந்தோமுங்க"ன்னு கையில இருக்கற நோட்டைக் காட்டுவா.

பேரு கத்துக்கிட்டது பொய்யில்லை. ஈரோட்டுல வெளுக்காத துணிக்குக் கோரான்னாங்க, எழுதினா. துணியோட ரெண்டு பக்க விளிம்புக்குக் கரைன்னாங்க, அது எங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதினா. மூலைவாக்குல வெட்டினா இழுத்த இழுப்புக்கெல்லாம் வர்ற துண்டுக்குக் கிராஸ் பீஸ்னாங்க, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவுல வெக்கற பஞ்சுத் தகட்டுக்கு பேட்டிங்னாங்க, கரூர்ல ஏற்றுமதியில மிச்சம் விழுந்ததை விக்கற கடையில ரெண்டரை அங்குல அகலத்துக்குக் கிழிச்சு சுருட்டி வெச்சதைக் காட்டி வெள்ளைக்காரன் இதுக்கு ஜெல்லி ரோல்னு பேரு வெச்சிருக்கான்னாங்க, கால் பங்குத் துணியை நீட்டமா வெட்டாம சதுரமா வெட்டினா அது ஃபேட் குவார்ட்டராம். "கொழுத்த காலா!"ன்னு துளசி வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சதும் கடைக்காரர்கிட்ட நல்லசாமி போட்டோவைக் காட்டினா. அவர் இல்லைன்னு தலையாட்டிட்டு, பாவப்பட்டோ என்னமோ, "நாவக்காட்டூருக்குப் போங்கம்மிணி, சென்னியப்பன் கடை. போர்வை திருப்பறதுல அந்த ஊர்ப் பொம்பளைங்களை அடிச்சுக்க ஆளில்லை, பார்த்துக் கத்துக்குங்க"ன்னார்.

திருப்பறதுன்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா எல்லா எழவும் அதுல இருந்து வந்ததுதான். மேல்துணியையும் அடித்துணியையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்கற மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு போட்டு, பஞ்சையும் சேர்த்து நாலு பக்கமும் தைச்சுட்டே வந்து, கடைசியில ஒரு சாண் மட்டும் தைக்காம விட்டுடோணும். அந்த ஒரு சாணுக்குத்தான் வாய்னு பேரு. வாய்க்குள்ள கையை விட்டு, கிட்டக்க இருக்கற மூலையைத் தொடாம, அந்தக் கோடியில இருக்கற மூலையை எட்டிப் பிடிச்சு இழுத்தா, போர்வை மொத்தமும் வாய் வழியா வெளியே வந்து நல்ல பக்கம் மேலே வந்துடும். அப்புறம் வாயை மறைதையல் போட்டு மூடிடலாம், தைச்ச தடமே தெரியாது.

சென்னியப்பன் கடையில அப்படி ஒரு போர்வையைத் திருப்பறதுக்கு வேலாத்தாள்ங்கற பொம்பளை கையை உள்ளே விட்டிருக்கா. கோடி மூலையைத் தேடின கையை யாரோ பிடிச்சிருக்காங்க. பக்கத்து மெஷின்ல இருந்தவகிட்ட, "உள்ளே ஆரோ கையைப் பிடிக்கறாங்கடி"ன்னிருக்கா. அவ தலையைத் தூக்காமலே, "பிடிச்சா நீயும் பிடி, மத்தியானத்துக்குள்ள இன்னும் பத்து முடிக்கோணும்"ன்னிருக்கா. வேலாத்தாளும் பிடிச்சிருக்கா. சுண்டுவிரல் கோணலா இருந்துச்சாம், கெணத்துல விழுந்து செத்துப்போன அவ கூடப்பொறந்தவனுக்கு அப்படித்தான் இருக்குமாம். அடுத்தவ கையை விட்டா, அவளுக்கு மாமியார் கை. உசுரோட இருந்தப்ப கிள்ளின எடத்துலயே கிள்ளுச்சாம். மூணாவது ஆளா சென்னியப்பன் விட்டார். ஆரு கைன்னு அவர் யார்கிட்டயும் சொல்லலை, ஆனா கடையை மத்தியானம் சாத்தறதை அன்னையோட நிறுத்திட்டார்.

இதையெல்லாம் சென்னியப்பன் எங்களுக்குச் சொன்னது, கரண்டு எப்ப போகும் எப்ப வரும்னு சொல்ற மாதிரி. மேசைமேல கெடந்துச்சு அந்தப் போர்வை, நீலமும் மஞ்சளுமா ஒட்டுப்போட்டு, திருப்பாம உள்பக்கம் வெளியே தெரிய, தட்டையா. மேலே இருந்து அமுக்கிப் பார்த்தா பஞ்சுதான், அதுக்கடியில மேசைப் பலகைதான். ஊரே கூடிக் கமிட்டி போட்டிருந்தாங்க. டோக்கன் குடுக்க ஒரு ஆள், கை கழுவத் தண்ணித்தொட்டி, வயசானவங்களுக்கு பெஞ்சு, ஒருத்தருக்கு மூணு நிமிஷம்னு கணக்கு. இது தப்புன்னு சொல்ல வந்த கோயில் பூசாரி கையை விட்டுப் பார்த்துட்டு, அன்னையில இருந்து வரிசைக்கு விபூதி குடுக்கறார். விசாரிக்க வந்த ஏட்டய்யா மூணு நிமிஷம் கையை விட்டுட்டு மூக்கைச் சிந்திட்டே வெளியே வந்து, ஒரு மாசம் லீவு போட்டுட்டார்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குச் சங்கடமா இருந்துச்சு. நாலஞ்சு தடவை கையை விட்டவங்களுக்கு உள்ளங்கையிலயும் விரல்லயும் ரேகை அழிஞ்சு போயிருந்துச்சு. கட்டைவிரலை வெச்சா ரேஷன் கடை மெஷின் ஏத்துக்கலை. ரேஷன் கடைக்காரர் அதுக்கும் ஒரு வழி பண்ணி, போர்வைக்காரங்கன்னு தனியா ஒரு பேரேடு போட்டுக் கையெழுத்து வாங்கிட்டு அரிசி போட்டுட்டிருந்தார். வேலாத்தாள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் கோராத் துணி நெறத்துல, ஒரு முடி இல்லாம, ஒரு மச்சம் இல்லாம இருந்துச்சு.

"வலிக்குதுங்களா?"ன்னேன்.

"இல்லீங்கம்மிணி. மொத நாளு மணிக்கட்டோட விட்டுச்சு. ஒரு வாரத்துல முழங்கை வரைக்கும் இழுத்துச்சு. இப்ப தோளு வரைக்கும் போகுது"ன்னா.

"இழுக்குதா?"

"பாசமுங்க"ன்னார் டோக்கன் குடுக்கறவர். "பிரிஞ்ச பாசம் இழுக்கத்தானுங்க செய்யும்."

நான் திரும்பித் துளசியைப் பார்த்தேன். நோட்டை மூடிப் பைக்குள்ள வெச்சுட்டிருந்தா. அவ கையில டோக்கன், அறுபத்தி நாலு.

"ஏண்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? வா, மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கோணும்."

"ஒரே ஒரு தடவைக்கா. அவரு இல்லைன்னா இல்லை."

"இருந்தா?"

அவ டோக்கனை உள்ளங்கைக்குள்ள மடக்கிக்கிட்டா. எனக்கும் புரிஞ்சுது, அவளுக்கும் புரிஞ்சுது. அந்தப் போர்வைக்குள்ள இது வரைக்கும் பிடிச்ச கையெல்லாம் செத்தவங்க கை. நல்லசாமி கை உள்ளே இருந்தா அவர் செத்துட்டார்னு அர்த்தம். என்னை நீங்க பாவின்னு நெனைச்சாலும் பரவாயில்லை, அவர் கை உள்ளே இருக்கட்டும்னுதான் நான் நெனைச்சேன். இருக்கட்டும், இவ இன்னைக்கு ஒரு நாள் இந்த ஊர்ல விழுந்து பொரண்டு அழட்டும், நான் கூட்டிட்டுப் போய்த் தலைக்குத் தண்ணி ஊத்தறேன், அதுக்கப்புறமாவது எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுலயும் லாரிக்காரங்க மூஞ்சியை ஒவ்வொண்ணாப் பார்க்காம இருப்பா. பதினோரு வருஷமா அவ பின்னாடியே அலைஞ்சு எனக்கும் கால் ஓஞ்சு போச்சுங்க.

வரிசை நகரவே இல்லை. முப்பதாம் நம்பருக்கே மணி ஒண்ணாயிடுச்சு. ஆளுக்கு மூணு நிமிஷம்னு சொன்னாலும் பிடிச்ச கையை விடுவிச்சு வெளியே எடுக்கறதுக்கே அஞ்சு நிமிஷம் போகுது, ரெண்டு ஆளு இடுப்பைப் பிடிச்சு இழுக்க வேண்டியிருந்துச்சு. கமிட்டிக்காரங்க பந்தலுக்கடியில நின்னு பேசினாங்க. பேசி, வாயை இன்னொரு சாணு பெருசாக்கிட்டா ஒரே நேரத்துல ரெண்டு பேர் கை விடலாம், வரிசை பாதியாக் கொறையும்னு முடிவு பண்ணினாங்க. கை தட்டினாங்க, பார்த்துக்குங்க.

வேலாத்தாள் மட்டும்தான், "ஒரு சாணுக்கு மேல வாய் வெக்கக் கூடாதுங்க. எங்க தொழில்ல அப்படி வெக்கவே மாட்டோம்"ன்னா.

"ஏன் வெக்கக் கூடாது?"

"வெக்க மாட்டோம்"ன்னா மறுபடியும். அவளுக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியலை. சொல்லத் தெரியாதவ பேச்சு எந்தக் கமிட்டியில எடுபட்டிருக்கு?

தையலைப் பிரிக்க ஆள் கேட்டாங்க. ஊர்ப் பொம்பளைங்க ஒருத்தரும் முன்னுக்கு வரலை. நான்தான் போனேன். ஆமாங்க, நான்தான். மூணு மணி பஸ்ஸை மனசுல வெச்சுக்கிட்டு, பைக்குள்ள இருந்து பிளேடை எடுத்து, இருபது வருஷமாத் தையல் பிரிச்ச கையால, துணியில ஒரு கீறல் விழாம, ஒவ்வொரு நூலா, ஒரு சாண் நீளத்துக்கு வெடுக் வெடுக்குன்னு அறுத்துப் போட்டேன். நல்லாப் பிரிச்சிருக்கீங்கன்னு சென்னியப்பன் பாராட்டினார். ரெண்டு சாண் வாய்க்குள்ள ரெண்டு கை போகும்னு எல்லாரும் கணக்குப் போட்டோம். வேற என்ன போகும்னு அங்கே ஒருத்தரும் யோசிக்கலை, நானும் யோசிக்கலை.

ரெண்டரை மணிக்கு அறுபத்தி மூணையும் அறுபத்தி நாலையும் கூப்பிட்டாங்க. அறுபத்தி மூணு ஒரு டீச்சர், அவங்க சீக்கிரம் முடிச்சுட்டு முந்தானையால கண்ணைத் தொடைச்சுட்டு வெலகிட்டாங்க. துளசி வளையலைக் கழட்டி என்கிட்டக் குடுத்துட்டு, கையைக் கழுவிட்டு, வலது கையை உள்ளே விட்டா.

மொதல்ல ஒண்ணுமில்லை. அவ மூஞ்சியையே பார்த்துட்டிருந்தேன். அப்புறம் அவ கீழ் உதடு கோணிச்சு.

"அவருதான்க்கா"ன்னா. "ஸ்டியரிங் பிடிச்ச காய்ப்புக்கா. இந்த எடத்துல, பெருவெரலுக்குக் கீழே. அவருதான்."

அழுதா. பதினோரு வருஷத்து அழுகை எப்படி இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அடிவயித்துல இருந்து மாடு கத்தற மாதிரி வந்துச்சு, வரிசையில இருந்த பொம்பளைங்க எல்லாம் கூட அழுதாங்க, நானும் அழுதேன். மனசுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. முடிஞ்சுது சாமி, ஊருக்குப் போயிடலாம்னு நெனைச்சேன்.

"இழுக்கறாருக்கா"ன்னா.

"போதும், கையை எடு கண்ணு."

"கூப்பிடறாரு."

முழங்கை உள்ளே போச்சு. தோள் போச்சு. நான் இடுப்பைக் கட்டிப் பிடிச்சேன். மத்தவங்கன்னா தோளோட நின்னுடும், வாய் அவ்வளவுதான். டீச்சர் வெலகிட்டதால, நான் பிரிச்சு விட்ட இன்னொரு சாணும் இவ ஒருத்திக்கே இருந்துச்சே. தலையைக் குனிஞ்சு, தண்ணிக்குள்ள முங்கற மாதிரி முகத்தை உள்ளே விட்டா. "புடிங்க, புடிங்க!"ன்னு நான் கத்தறேன், பின்னாடி இருக்கறவங்க, "விடுங்கம்மிணி, பதினோரு வருஷமில்லீங்களா, பாவம்"ங்கறாங்க. சேலை என் கையில வழுக்குச்சு. அவ இடுப்பு போச்சு, முழங்கால் போச்சு. ஒரு பாதத்தைக் கெட்டியாப் பிடிச்சேன். குதிகால் வெடிப்பு என் உள்ளங்கையில ஒரசினது வரைக்கும் தெரிஞ்சுது, அப்புறம் அதுவும் இல்லை. மேசைமேல போர்வை அதே மாதிரித் தட்டையாக் கெடந்துச்சு. கீழே அவ செருப்பு கெடந்துச்சு.

"அறுபத்தஞ்சு"ன்னு கூப்பிட்டார் டோக்கன் குடுக்கறவர்.

நான் அவரை என்ன வஞ்சேன்னு இங்கே சொல்ல முடியாது. என்கிட்ட டோக்கன் இல்லை, வரிசையும் இல்லை, எல்லாரையும் தள்ளிவிட்டுட்டு தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டேன். உள்ளே சூடும் இல்லை, குளிரும் இல்லை, எட்டின தூரம் வரைக்கும் ஒண்ணுமே தட்டுப்படலை. "துளசி, துளசி"ன்னு கூப்பிட்டுட்டே தடவினேன். அப்ப ஒரு கை என் கையைப் பிடிச்சுது. தடவிப் பார்த்தேன், மணிக்கட்டுல இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. என்ற தங்கச்சிதான். உள்ளங்கை மட்டும் வழவழன்னு இருந்துச்சு, ஒரு ரேகை இல்லை, இத்தனைக்கும் அவ போயி ஒரு நிமிஷம்கூட ஆகலை.

"வந்துடு கண்ணு, அக்கா இழுக்கறேன்"ன்னு நான் இழுத்தேன். அவ வரலை. இத்தனை நாளா இந்த ஊர்ல எல்லாரையும் உள்ளே இழுத்துச்சே, அந்த மாதிரி இழுக்கவும் இல்லை. என் கையைத் தள்ளினா. விரலை விரிச்சு, என் உள்ளங்கையில தன் உள்ளங்கையை வெச்சு, வெளியே தள்ளினா. நான் மறுபடியும் பிடிச்சேன். சூடான தோசைக்கல்லுகிட்டப் போற கொழந்தை கையை அடிக்கற மாதிரி ஓங்கி ஒரு அடி அடிச்சு, மறுபடியும் தள்ளினா. மூணாவது தடவை அவ விரல் நடுங்குச்சு, அவளை ஏதோ பின்னாடி இருந்து இழுத்துட்டிருந்த மாதிரி இருந்துச்சு, இருந்தும் தள்ளினா.

இத்தனை நாளா இழுத்த கையெல்லாம் ஆரோட கைன்னு எனக்குத் தெரியாது. அவங்கவங்க பொறந்தவன் கை, மாமியார் கைன்னு சொல்றாங்க, சொல்லிக்கட்டும். இது என்ற தங்கச்சி கை, அவ என்னை வராதேங்கறா.

கையை வெளியே எடுத்தேன். முழங்கை வரைக்கும் வெளுத்திருந்துச்சு. "இதை மூடோணும்"ன்னேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. "மூடறதா? எங்கம்மா உள்ளே இருக்காங்க"ன்னு ஒரு ஆம்பளை சொன்னார். "எம் மவ இருக்கறா"ன்னு ஒரு அம்மா. "நீங்கதானேம்மிணி பிரிச்சீங்க"ன்னு கமிட்டிக்காரர் ஒருத்தர் கேட்டார். ஆமாம், நான்தான் பிரிச்சேன், நானே தைக்கறேன்னு ஊசியைத் தேடினேன். என் கை ஆடின ஆட்டத்துக்கு நூல் கோக்க வரலை. வேலாத்தாள் வந்து என் கையில இருந்து ஊசியை வாங்கி, அந்த வெளுத்த கையால நூல் கோத்துக் குடுத்தா. குடுத்துட்டு, துணி வெட்டற பெரிய கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு மேசைக்கு முன்னாடி போய் நின்னா, வரிசையைப் பார்த்து.

"என்ற பொறந்தவனும்தான் உள்ளே இருக்கறான்"ன்னா. "கிட்ட வராதீங்க."

வரலை. ஆனா வஞ்சாங்க. வாசல்ல குனிஞ்சு மண்ணை அள்ளி என்மேல தூத்தினாங்க, உன் வம்சம் வெளங்காது, நீ நாசமாப் போவேன்னு. மண்ணு போர்வைமேல விழுந்துச்சு, என் தலையில விழுந்துச்சு. நான் ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு மறைதையல் போட்டுட்டே வந்தேன், மேல்துணியில ஒரு குத்து, அடித்துணியில ஒரு குத்து, இழு. மேலே ஒரு குத்து, அடியில ஒரு குத்து, இழு. ஒவ்வொரு இழுப்புக்கும் துளசி துளசின்னு சொல்லிட்டே தைச்சேன். பாதிக்கு மேல முடியலை. கண்ணுல தண்ணி மறைச்சுது, ரெண்டு விளிம்பும் ஒண்ணு சேராம வெலகி வெலகிப் போச்சு.

அப்ப உள்ளே இருந்து ரெண்டு விரல் வந்து ரெண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடிச்சுது.

நான் தைச்ச எடத்தை விட்டு அது நகர்ந்து அடுத்த எடத்தைப் பிடிச்சுது. அதைத் தைச்சா அதுக்கடுத்த எடம். சீராப் பிடிச்சுது, ஒரு சுருக்கம் விழலை, எத்தனையோ ஆயிரம் போர்வைக்குப் பிடிச்சுக் குடுத்த கை. வஞ்சுட்டிருந்தவங்க ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. ஊசி அவ விரல்ல குத்திடக் கூடாதேன்னு நான் மெதுவாத் தைச்சேன், மெதுவாத் தைச்சா அவ இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாளேன்னும்தான்.

கடைசியில ஒரு விரல் அகலம் பாக்கி இருந்துச்சு. அதுல ஒரு விரல்தான் தெரிஞ்சுது. நான் ஊசியை நிறுத்திட்டேன்.

"போதும் கண்ணு, வந்துடறியா?"ன்னேன்.

அந்த விரல் என் நகத்தைத் தொட்டுது. தொட்டுட்டு, ஊசியை லேசா முன்னுக்குத் தள்ளிவிட்டுது. அப்புறம் உள்ளே போயிடுச்சு.

மீதியைத் தைச்சு, முடிச்சுப் போட்டேன். தைச்ச தடமே தெரியலை.